கரடி நின்னா விடிஞ்சுருமா? ஸ்னோபியர்சர் கிளைமாக்ஸ் பஞ்சாயத்து

பவுண்டரி_மாமா:
நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார்: "ஸ்னோபியர்சர் மாதர நம்பிக்கை குடுக்கிற படமே இல்ல, கடைசில கரடி வர்றப்ப கண்ணு கலங்கிருச்சு"ன்னு. ஏனுங், படத்த முழுசாத்தான் பாத்தீங்களா? கதைப்படி 2014ல பூமிச் சூட்டக் கொறைக்க வானத்துல மருந்தடிச்சு உலகமே உறைஞ்சு போச்சு. மிஞ்சுன சனம் 17 வருசமா ஒரே ரயில்ல. அந்த ரயிலும் பனிச்சரிவுல கவுந்துருது. வெளிய வர்றது 17 வயசு யோனாவும் அஞ்சு வயசுப் பொடியன் டிம்மியும். எதுக்க நிக்குது பனிக்கரடி. இதுல நம்பிக்கை யாருக்குங்? கரடிக்கா? அதுக்கு மத்தியானச் சோறு வந்து சேந்துச்சு, அவ்வளவுதான்.

நொய்யல்கரை:
எழுதுனது நாந்தானுங் மாமா. "ஒருத்தர்"னு மறைக்க வேண்டியதில்ல. கரடி அங்க நிக்குதுன்னா அது ஏதோ தின்னுட்டுத்தான நிக்குது? பனிக்கரடி தின்னறது சீல். சீல் தின்னறது காட் மீனு. அந்த மீனு தின்னறது கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத சின்னப் பூச்சிக. அதுக தின்னறது பனிக்கட்டிக்கு அடீல ஒட்டி வளர்ற பாசி. பாசிக்கு வெயிலு வேணும். ஆகக்கூடி கடலு சாகலைன்னு அர்த்தம். டைரக்டர் போங் ஜூன் ஹோ மான் ஒண்ண நிறுத்தாம கரடிய நிறுத்துனதுக்குக் காரணம் அதாட்டதானுங்க இருக்கும்.

தறிச்சத்தம்:
முதல்ல நம்பிக்கைன்னா என்னன்னு ஒரு முடிவுக்கு வந்துட்டுப் பேசலாமுங்களா? அந்த ரெண்டு பேரு பொழைக்கிறதா, மனுச இனம் பொழைக்கிறதா, இல்ல பூமி பொழைக்கிறதா?

பவுண்டரி_மாமா:
கரடி மலைச் சரிவுல நிக்குது. கடலு எங்கீங்க? பனிக்கரடி பொழைக்கிற எடம் கடல்பனி. சீலு மூச்சு வாங்க மேல வர்ற ஓட்டைக்குப் பக்கத்துல காத்துக் கெடந்து புடிக்கிற சாதி அது. மலைல நிக்குதுன்னா வழி தப்பி வந்த கரடி, பட்டினிக் கரடி. பட்டினிக் கரடி முன்னாடி ரெண்டு புள்ளைக. கணக்கு முடிஞ்சுது.

சென்னிமலை_அம்மணி:
மாமா, சினைக்கரடிக பெரும்பாலும் கரையேறித்தான் வளை தோண்டும். மலைச் சரிவுல காத்து அடிச்சுக் குமிச்ச பனீலயும் தோண்டும். மலையும் அதுக்கு ஊடுதானுங்.

பவுண்டரி_மாமா:
அப்படியே வெச்சுக்கலாம் அம்மணி. கதை நடக்கறது எப்போ? யெகாட்டெரினா பாலம் தாண்டி புது வருசம் பொறக்குது, அதுக்கப்புறந்தான் இந்தக் கூத்தெல்லாம். சினைக்கரடி அந்நேரம் குட்டியோட வளைக்குள்ள முடங்கிக் கெடக்கும். மார்ச், ஏப்ரலுக்குத்தான் வெளிய தலைகாட்டும். இது வெளிய நிக்குதே?

நொய்யல்கரை:
அப்ப அது சினை இல்லாத கரடி. கெடாவும் சினையில்லாததும் மாரி பூராவும் சுத்தும். இன்னொண்ணு: அந்தக் காட்சில பட்டப்பகல் வெளிச்சம். ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்க ஜனவரில பகலே கெடையாது. அப்ப கரடி தெக்க எறங்கி வந்திருக்குது. கடல்பனி தெக்க பரவுனா கரடியும் பரவும். சீக்காளி இனம் பரவாதுங்.

மறுபடியும் சொல்றனுங்: அது தின்னுட்டு நிக்குது.

பவுண்டரி_மாமா:
பனிக்கரடி காட்டுல 25 வருசம் வரைக்கும் கூட இருக்கும். ரயிலு ஓடுனது 17 வருசம். 2014க்கு முன்னாடி பொறந்த கிழட்டுக் கரடியா, அந்த இனத்துலயே கடைசிக் கரடியா இருக்கப்படாதா?

நொய்யல்கரை:
இருக்கட்டுமுங். 55 கிலோ சீலு ஒண்ணு ஒரு கரடிக்கு எட்டு நாளைக்கு ஆகும். 17 வருசத்துக்குக் கூட்டிப் பாருங்க, 775 சீலு. கெழடோ குமரோ, 775 சீலத் தின்னுருக்குது. அந்த 775ம் எங்கிருந்து வந்துச்சுங்? பதிலச் சொல்லீட்டு அடுத்த பழமைக்குப் போங்க.

கல்லாறு_கேபின்:
கரடிய உடுங்க. 4,38,000 கிலோமீட்டர் தண்டவாளத்த ஒரு ஆளு தொடாம 17 வருசம் ஓடுச்சாமா? நம்மூரு மேட்டுப்பாளையம்–ஊட்டி லைனு வெறும் 46 கிலோமீட்டர். மழை வலுத்தா கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல மண்ணு சரிஞ்சு வண்டிய நிறுத்திடறாங்க. அதும் பல்சக்கரம் போட்டு, 12 அடிக்கு ஒரு அடி ஏறுற லைனு.

பவுண்டரி_மாமா:
அப்படிக் கேளு தம்பி. வருசம் ஒரு சுத்துன்னா சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அது சரி. ஆனா இரும்பு 50 டிகிரி குளுந்தா கிலோமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் சுருங்கணும். சுருங்க எடமில்லாம ரெண்டு பக்கமும் புடிச்சிருந்தா வெல்டிங் வெச்ச எடத்துல பட்டுனு விட்டுரலாம். மொத மாரீலயே வண்டி கவுந்திருக்கணும். அப்ப கரடியும் இல்ல, கிளைமாக்சும் இல்ல.

நொய்யல்கரை:
775 சீலுக்குப் பதிலு வரல. தண்டவாளத்துக்குப் போயிட்டீங்க. போன தடவ வார்ப்பு விசயத்துல அம்மணிகிட்ட மாட்டுனப்பவும் இப்படித்தான் லைன மாத்துனீங்க.

பவுண்டரி_மாமா:
அது முடிஞ்ச கதை. அதை எதுக்கு இப்ப இழுக்கறீங்க? சாயத்தண்ணி ஓடுன நொய்யல் ஆத்துப் பேர வெச்சுட்டு எங்களுக்கு உயிரச் சொல்லித் தர வராதீங்க. சாக்கடை விழற கொளத்துலயுந்தான் ஜிலேபி மீனு துள்ளுது. அதப் பாத்துட்டுக் கொளம் நல்லாருக்குதும்பீங்களா?

நொய்யல்கரை:
நல்லாக் கேட்டீங்க போங்க. ஜிலேபி ஆக்சிஜன் கொறஞ்ச தண்ணீலயும் தாங்கும், பாசியோ கழிவோ கெடைச்சதத் தின்னும். அது இருக்கறதால ஒண்ணும் நிரூபணம் ஆகாது. பனிக்கரடி சங்கிலியோட உச்சி. கீழ ஒரு கண்ணி அந்தாலும் மேல அது நிக்காது. ஜிலேபியும் கரடியும் ஒண்ணுங்கறவருகிட்ட என்னத்தப் பேசறது?

நொய்யலைப் பத்தியும் வேணுமா? 2011ல ஐகோர்ட்டு திருப்பூர் சாயப்பட்டறைகள மூடச் சொன்னப்ப...

சென்னிமலை_அம்மணி:
நொய்யலுக்குக் குறுக்க கட்டுன ஒரத்துப்பாளையம் அணைக்கு இப்பப் போயிறாதீங்ணா. சாமி, அது தனி பஞ்சாயத்து.

கரடியக் கூட விடுங்க, யோனாவோட அப்பன் நாம்கூங் சொல்றத ஏன் யாரும் எடுக்கல? வருசா வருசம் அதே பாலத்தத் தாண்டறப்ப பனீல பொதைஞ்ச விமானத்தப் பாக்குறான். பத்து வருசம் முந்தி வாலு மட்டுந்தான் தெரிஞ்சுது, இப்ப ஒடம்பும் றெக்கையும் தெரியுதுங்கறான். பனி எறங்குது. கரடி வர்றதுக்கு முன்னாடியே படம் பதிலச் சொல்லிருச்சு.

பவுண்டரி_மாமா:
அதே படத்துலதான் தண்டனைன்னு ஒருத்தனோட கைய வெளிய நீட்ட வெச்சு, அந்தக் கை ஏழு நிமிசத்துல வெறச்சு, சுத்தியால அடிச்சு ஒடைக்கறாங்க. முந்தி எறங்கிப் போன ஏழு பேரும் நின்ன வாக்குல சிலையாட்ட நிக்கறாங்க.

சென்னிமலை_அம்மணி:
அந்த ஏழு பேரு எறங்குனது ரயிலு கெளம்பி ரொம்ப வருசம் ஆகாதப்ப. கையி ஒடைஞ்சது ஓடுற வண்டீல, எதுர்க்காத்துல. நின்ன எடத்துல அவ்வளவு சீக்கிரம் வெறைக்காது. யோனா ஒடம்புல ரோமக் கோட்டு இருக்குது. பெட்டி ஒண்ணு முழுசா இருந்தாக்கூட காத்து மறைவு, எரிக்கறதுக்கு மெத்தை, பலகை எல்லாம் ஆகும். பனிய அப்படியே திங்காம உருக்கிக் குடிக்கணும், இல்லாட்டி ஒடம்புச் சூடு போயிரும். ரயில்ல கடைசிப் பெட்டிச் சனத்துக்குத் திங்கக் குடுத்த கரப்பாம்பூச்சிக் கட்டி தேடுனாக் கெடைக்கும்.

தறிச்சத்தம்:
சரிங்க, பொழைச்சாங்கன்னே வெச்சுக்கலாம். ரெண்டே பேரு. அதுக்குப் பேரு நம்பிக்கையான்னு கேட்டேன். யாரும் பதில் சொல்லல.

பவுண்டரி_மாமா:
கட்டி தீந்தா? கரடிய அடிச்சுத் திம்பாங்களா?

நொய்யல்கரை:
அடிக்க முடிஞ்சா திங்கலாம், ஈரல மட்டும் தொடப்படாது. வைட்டமின் ஏ எச்சா இருக்குது, ஆளயே சாய்ச்சுரும். ஆனா கரடியத் திங்க வேண்டியதில்லீங், கரடி போற தடத்துல போனாப் போதும். அது சீலுகிட்டத்தான் போகும். 775 சீலு, மாமா.

பவுண்டரி_மாமா:
கரடி பொறத்தால ரெண்டு புள்ளைகளப் போகச் சொல்றாரு பாருங்க. இவரு கண்ணு கலங்குனது நாயந்தான்.

கல்லாறு_கேபின்:
60 சென்டிமீட்டருக்கு யாருமே வாயத் தொறக்கலீங்களே?

நொய்யல்கரை:
மொதல்ல சீலுக்குப் பதிலு. அப்புறம் தண்டவாளம்.