பாயிண்டில் முன்னால் இருப்பவர் விலகினால் தோல்விதானா?

ரிங்சைடு:
2000 ஏப்ரலில் பெர்லினில் நடந்த விட்டாலி கிளிச்கோ – கிறிஸ் பேர்ட் குத்துச்சண்டை. ஒன்பது ரவுண்டு முடிவில் மூன்று ஜட்ஜ்களின் பாயிண்ட் அட்டையிலும் கிளிச்கோதான் முன்னால். தோள் போய்விட்டது என்று ஸ்டூலை விட்டு எழவில்லை, சாம்பியன் பெல்ட் பேர்டுக்குப் போய்விட்டது. தலை மோதி வெட்டுக்காயம் பட்டால் மட்டும் அட்டையைப் பார்க்கிறார்களே, இதற்கு ஏன் பார்ப்பதில்லை? இன்னொன்று, இப்படிப்பட்ட விலகலை ஒரு இடத்தில் டி.கே.ஓ. (டெக்னிக்கல் நாக்அவுட், பாதியில் நிறுத்தப்பட்ட தோல்வி) என்றும் இன்னொரு இடத்தில் ஆர்.டி.டி. என்றும் எழுதுகிறார்களே, எது சரி?

மூலைஸ்டூல்:
காயம் எதனால் வந்தது என்பதுதான் கணக்கு. தெரியாமல் தலை மோதி சண்டை நின்றால், பெரும்பாலான அமெரிக்க கமிஷன் விதிப்படி நான்கு ரவுண்டு முடிந்திருந்தால் அட்டையைப் பார்த்து முடிவு சொல்வார்கள். முடியவில்லை என்றால் யாருக்கும் வெற்றி தோல்வி இல்லாத சண்டை. ஆனால் முறையான குத்தில் வந்த காயமும், தானே வீசிய குத்தில் தோள் தசை கிழிவதும் அவரவர் பாடு. கிளிச்கோவுக்கு நடந்தது இரண்டாவது வகை. இடுப்புக்குக் கீழே குத்து வாங்கினால் ஐந்து நிமிடம் வரை அவகாசம் உண்டு. அதற்குப் பிறகும் எழுந்து நிற்க முடியாவிட்டால் தோல்விதான்.

ஆர்.டி.டி. என்பது ரவுண்டுகளுக்கு நடுவே மூலையிலேயே விலகியதைக் குறிக்கும். பல கமிஷன்கள் அதையும் டி.கே.ஓ. என்றே எழுதிவிடும். 1964-ல் முகமது அலியிடம் (அப்போது கேஷியஸ் கிளே) லிஸ்டன் ஆறாவது ரவுண்டுக்குப் பிறகு எழாத சண்டையை, சில பதிவுகளில் ஆறு என்றும் சிலவற்றில் ஏழு என்றும் பார்ப்பது இதனால்தான். அப்போது அட்டைகள் சமமாக இருந்தன என்பது வேறு விஷயம்!

சவுத்பா:
விதி சரி, உடம்பையும் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கோழைத்தனமாகத் தெரிவதில் முக்கால்வாசி இரண்டு இடத்து அடி. ஒன்று, வலது விலாவுக்குக் கீழே கல்லீரலில் விழும் இடது ஹூக் (பக்கவாட்டுக் குத்து). வலி உடனே வராது, ஓரிரு விநாடி தள்ளி வரும். ஆள் ஒரு அடி பின்னால் நகர்ந்து, அப்புறம் மடங்கி உட்காருவார். 2023-ல் டேவிஸிடம் ரயன் கார்சியா ஏழாவது ரவுண்டில் முழங்காலிட்டு பத்து எண்ணும்வரை எழாதது அதுதான். தலை தெளிவாக இருக்கும், கால் பேச்சைக் கேட்காது.

இன்னொன்று கண்குழி எலும்பு முறிவு. 2020-ல் ஜாய்ஸிடம் டுபுவா பத்தாவது ரவுண்டில் முழங்காலிட்டபோது இரண்டு அட்டைகளில் முன்னால் இருந்தார். அப்படி முறிந்தவர் மூக்கைச் சிந்தினால் காற்று தோலுக்கடியில் புகுந்து கண் அப்படியே மூடிக்கொள்ளும். அதனால்தான் நல்ல மூலைக்காரர் (வீரரின் உதவியாளர்) ரவுண்டுகளுக்கு நடுவே உள்ள அந்த ஒரு நிமிடத்தில் முதலில் சொல்வது "மூக்கைச் சிந்தாதே". இரட்டையாகத் தெரிகிறதா என்று கேட்பது அதற்கடுத்து. ஆமாம் என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

ரிங்சைடு:
அப்போது லெனார்டிடம் சண்டையைப் பாதியில் விட்ட டுரான்? அவருக்கு எலும்பு எதுவும் முறியவில்லையே.

மூலைஸ்டூல்:
அவர் தனி ரகம். 1980 நவம்பர், நியூ ஆர்லியன்ஸ், எட்டாவது ரவுண்டு, 2:44. வயிற்றுப் பிடிப்பு என்று பிறகு காரணம் சொன்னார். அட்டையில் ஒன்றிரண்டு பாயிண்ட்தான் பின்னால். ஏழாவது ரவுண்டில் லெனார்ட் வலது கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டிவிட்டு இடது கையால் முகத்தில் குத்தியதைப் பாருங்கள். வலியைவிட கேலிதான் அவரை விரட்டியது என்பது என் கணிப்பு. மூலையில் உட்காராமல், ரவுண்டு நடுவிலேயே முதுகைத் திருப்பிக் கையை அசைத்ததால் அது ஆர்.டி.டி.யும் இல்லை.

சவுத்பா:
கோலோட்டாவை விட்டுவிட்டீர்கள். 2000 அக்டோபரில் டைசனிடம் இரண்டு ரவுண்டோடு விலகினார், அரங்கமே கூச்சல் போட்டது. கன்ன எலும்பு முறிந்தது பிறகுதான் தெரிந்தது. அதுவும் போக, டைசனின் பரிசோதனையில் கஞ்சா தெரிந்து முடிவையே ரத்து செய்துவிட்டார்கள். விலகியவரின் பதிவில் இன்று அது தோல்வியாகவே இல்லை.