மார்பு சரி, தோள் மட்டும் இறங்குகிறது: பெட்டர்ன் பார்த்துத் தைத்த டொப்புக்கு உதவி வேண்டும்

தேயிலைப்பூ (அட்டன்):
எல்லாருக்கும் வணக்கம். ஓர் அமெரிக்கக் கம்பனியின் பிடிஎஃப் பெட்டர்னை (துணி வெட்டும் மாதிரித் தாள்) வாங்கி, கொமினிகேசன் கடையில் பிரின்ட் எடுத்து, அரைக்கை டொப் ஒன்று தைத்திருக்கிறேன். மெல்லிய கொட்டன் துணி. என் மார்பளவு 40 அங்குலம். அட்டவணையில் 40க்கு நேரே சைஸ் 18 என்று இருந்தது, அதையே வெட்டினேன். மார்பில் சரியாக நிற்கிறது. ஆனால் தோள் தையல் கைப்பக்கம் இறங்கிவிடுகிறது. முன்கழுத்து உடம்போடு ஒட்டாமல் எழும்பி நிற்கிறது. கைக்குழி ஓரத்தில் துணி மடிந்து மடிந்து கிடக்கிறது. தோளைப் பிடித்துத் தைத்துப் பார்த்தேன், கழுத்து இன்னும் மோசமானதுதான் மிச்சம்.

இதே பெட்டர்னில் முன்பக்கம் திறந்த மெல்லிய ஜக்கெட்டும் இருக்கிறது. இங்கே காலையில் பனி, பத்து மணிக்கு வெயில், பின்னேரம் மழை. போட்டுக் கழற்ற அப்படி ஒன்று கட்டாயம் வேண்டும். டொப் சரிவராமல் அந்தத் துணியில் கத்தரி வைக்க மனம் வரவில்லை. கோளாறு எங்கே?

மூன்றாம்பிறை (நுவரெலியா):
முதலில் பிரின்டைப் பாருங்கள். அமெரிக்கப் பெட்டர்ன் பல லெட்டர் தாளுக்கு அமைத்தவை, நம் கடைகளில் ஏ4தான். கடைக்காரர் தாளுக்குப் பொருந்துமாறு எடுத்துவிட்டால் எல்லாத் துண்டும் சுருங்கிவிடும். நூறு வீதத்தில் எடுக்கச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் சோதனைச் சதுரம் இருக்கும், அதில் எழுதிய அளவு வருகிறதா என்று அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். உங்களுடையது பெரிதாக நிற்பதால் இது காரணமாக இருக்காது, ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது. வெட்டுவதற்கு முன் துணியை நனைத்தீர்களா?

தேயிலைப்பூ (அட்டன்):
சதுரம் அச்சொட்டாக இருக்கிறது. துணியையும் கழுவித்தான் வெட்டினேன். இந்த மழைக்குள் அதைக் காயவைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!

நூல்கண்டு (பண்டாரவளை):
தங்கச்சி, உங்கள் தையலில் பிழை இல்லை. சைஸ் எடுத்த இடத்தில்தான் விசயம் இருக்கிறது.

டேப்பை அக்குளுக்குக் கீழே கொடுத்து, மார்புக்கு மேலே இறுக்கமாகச் சுற்றி அளந்து பாருங்கள். அதுதான் மேல்மார்பு அளவு. தோள், கழுத்து, கைக்குழி மூன்றும் எலும்புக் கட்டைப் பொறுத்தவை, அதைக் காட்டுவது இந்த அளவுதான். சிம்பிளிசிட்டி, மெக்கால்ஸ், பட்டரிக் போன்ற பெட்டர்ன்கள், மேல்மார்புக்கும் முழு மார்புக்கும் 2 அங்குலம் வித்தியாசம் என்று வைத்து வரைந்தவை. உங்களுக்கு அதைவிடக் கூடுதலாக இருந்தால், முழு மார்பைப் பார்த்து எடுக்கும் சைஸ் தோளில் கட்டாயம் தொங்கும். அளந்து சொல்லுங்கள்.

தேயிலைப்பூ (அட்டன்):
36 அக்கா! நாலு அங்குல வித்தியாசம்.

நூல்கண்டு (பண்டாரவளை):
அப்படியென்றால் நீங்கள் வெட்ட வேண்டியது 14. மேல்மார்பு அளவையே மார்பளவாக வைத்துப் பார்த்தால், அந்த அட்டவணைகளில் 36க்கு நேரே இருப்பது அதுதான். தோளும் கழுத்தும் அங்கேயே சரியாகிவிடும். மார்பில் குறையும் 4 அங்குலத்தை முன்துண்டில் மட்டும் சேர்க்க வேண்டும், பின்துண்டைத் தொடவே வேண்டாம். முன்துண்டு மடிப்பில் வெட்டும் பாதித் துண்டு என்பதால் தாளில் 2 அங்குலம் போதும். டொப் தொளதொளவென்ற மாதிரி என்றால் ஒன்றரையே காணும்.

புத்தகத்துக்கு உறை போடும் பிரவுன் பேப்பரில் முன்துண்டைப் பிரதி எடுங்கள். தாளை உடம்பில் வைத்து மார்பு முனையைக் குறியுங்கள். முனையிலிருந்து கீழ்விளிம்பு வரை, நேர்நூல் கோட்டுக்கு (துணியின் நீளவாட்டு இழையைக் காட்டும் அம்புக்கோடு) சமாந்தரமாக ஒரு கோடு. முனையிலிருந்து கைக்குழியின் கீழ்ப்பாகத்துக்கு ஒரு கோடு. பக்க டாட்டின் (மார்புக்கு வடிவம் தரப் பக்கத் தையலிலிருந்து பிடிக்கும் கூர்மடிப்பு) நடுவால் முனைக்கு இன்னொன்று. கீழிருந்து வெட்டிக்கொண்டு போய் முனையில் திரும்பி, கைக்குழித் தையல் கோட்டில் ஒரு நூலளவு தாளை விட்டு நிறுத்துங்கள். டாட் கோட்டையும் முனையைத் தொடும் அளவுக்கு வெட்டுங்கள். இப்போது பக்கத்துண்டை மெல்ல வெளியே தள்ளினால், கைக்குழியில் விட்ட தாள் கீல் மாதிரி நின்று, முனைக்குக் கீழே இடைவெளி திறக்கும். அந்த இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே 2 அங்குலமாக நிற்க வேண்டும். டாட் தானாகவே அகலமாகிவிடும், அது சரிதான். நடுப்பக்கத்துத் துண்டு மேலேறி நிற்கும். கீழ்ப்பாகத்தில் அதைக் குறுக்கே வெட்டி, பக்கத்தோடு சமமாகும்வரை இறக்குங்கள். திறந்த இடமெல்லாம் பின்னால் தாள் ஒட்டுங்கள். இடுப்பில் தேவையில்லாத அகலத்தைப் பக்கத் தையலில் சீவிவிடலாம்.

நல்ல துணியில் கைவைக்கும் முன் பழைய பெட்சீட்டில் ஒன்று வெட்டி, நீளத் தையலில் தைத்து, உடுத்திப் பாருங்கள். இதை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள்.

குறிஞ்சி (தலவாக்கலை):
இடையில் ஒரு சந்தேகம் அக்கா. தையலுக்கு விடும் இடம் பெட்டர்னிலேயே இருக்குமா?

நூல்கண்டு (பண்டாரவளை):
நான் சொன்ன கம்பனிகளில் பெரும்பாலும் ஒன்றரை சென்றிமீற்றர் சேர்ந்தே இருக்கும். பூர்டா (Burda) என்ற தையல் சஞ்சிகையின் பெட்டர்னில் இருக்காது, நாம்தான் விட வேண்டும். கம்பனிக்குக் கம்பனி மாறும், குறிப்பை வாசிக்காமல் வெட்ட வேண்டாம்.

மூன்றாம்பிறை (நுவரெலியா):
ஜக்கெட்டுக்கு நான் சொல்கிறேன். மேலே போடுவதுதானே என்று சைஸைக் கூட்ட வேண்டாம். ஜக்கெட் பெட்டர்னில் உள்ளே இன்னொன்று போடும் தளர்வு சேர்ந்தே இருக்கும். அதே 14. முன்பக்கம் மூடாத மாதிரி என்றால் மார்பில் ஓர் அங்குலம் சேர்த்தாலே சரியாகப் படிந்து விழும். கையைத்தான் கவனிக்க வேண்டும்: டொப்பைப் போட்டுக்கொண்டு மேற்கையை அளந்து, பெட்டர்ன் கையின் தைத்து முடித்த அகலம் அதைவிட 2 அங்குலமாவது கூடுகிறதா என்று பாருங்கள். மெல்லிய துணிக்கு வரைந்ததைக் குளிருக்காக ஃபிளீஸில் வெட்டாதீர்கள், தடிப்பு அந்தத் தளர்வைத் தின்றுவிடும். குளிர் கூட என்றால் மெல்லிய ஃபிளனலில் தையுங்கள்.

தேயிலைப்பூ (அட்டன்):
பெட்சீட்டில் 14 தைத்துப் போட்டுப் பார்த்தேன். தோள் தோளிலேயே நிற்கிறது, கழுத்து படிந்துவிட்டது! அவ்வளவு சந்தோசம் அக்கா. ஒன்றுதான்: டாட் முடியும் இடத்தில் கூராக நிற்கிறது.

நூல்கண்டு (பண்டாரவளை):
டாட்டை மார்பு முனைவரை கொண்டுபோயிருப்பீர்கள். ஒன்றரை அங்குலம் முன்னாலேயே முடியுங்கள். கடைசிச் சில தையலை மடிப்பின் ஓரத்தோடு ஒட்டி ஓட்டி, திருப்பித் தைக்காமல் நூலை முடிச்சுப் போடுங்கள். பிறகு சுருட்டிய துவாயின் மேல் வைத்து, டாட்டைக் கீழ்ப்பக்கமாக அயர்ன் பண்ணுங்கள். படிந்துவிடும். அதன் பிறகு நல்ல துணியை வெட்டலாம்.