பழைய மீன்பிடி ரீல் சேர்ப்பவர்களே, உங்கள் கைக்கு வந்த கதையைச் சொல்லுங்கள்

குன்னூர்வாசி

நானே ஆரம்பிக்கிறேன். குழாய்க்கு ஒரு பழைய வால்வு கிடைக்குமா என்று இங்கே ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தேன். சாக்கில் குவிந்து கிடந்த சாமானுக்கு நடுவே வட்டமாக, கறுத்துப்போய் ஒன்று. "ஏதோ தையல் மிஷின் பார்ட்டு தம்பி" என்றார் கடைக்காரர். பிடியைச் சுற்றினேன், டிர்ர்ர்ர் என்று சத்தம். தையல் மிஷின் அப்படிச் சத்தம் போடாது. கட்டைவிரலால் அழுக்கைத் தேய்த்தால் ஹார்டி பிரதர்ஸ், ஆனிக், 'பெர்ஃபெக்ட்'. தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் செய்த பழைய கம்பெனி ஹார்டி, 'பெர்ஃபெக்ட்' அவர்களுடைய ஒரு மாடல். (ஆனிக் இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்து பக்கத்து ஊர். எழுத்தைப் பார்த்து ரொம்ப வருஷம் 'ஆல்ன்விக்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

அலுமினிய விலைக்கு எடை போட்டால் நூறு ரூபாய்கூட வராது. நான் அதைக் கீழே வைக்காமலே நிற்பதைக் கவனித்துவிட்டு 600 கேட்டார். பேரம் பேசவில்லை, பேசினால் ஏறிவிடும் போலிருந்தது.

இது குன்னூரில் கிடந்ததில் ஆச்சரியம் இல்லை. நீலகிரியிலேயே இருக்கும் அவலாஞ்சியில் 1907-ல் டிரவுட் மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணை வந்தபிறகு, எஸ்டேட் துரைமார்களும் அதிகாரிகளும் மலை ஓடைகளில் தூண்டில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கிளம்பிப் போகும்போது எல்லாவற்றையுமா கட்டி எடுத்துப் போவார்கள்?

இனி என் முட்டாள்தனம். அன்று ராத்திரியே பித்தளை பாலிஷை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். ஹார்டிக்காரர்கள் அந்தக் காலத்தில் ரீலுக்கு மங்கலான ஒரு ஈய நிறப் பூச்சு கொடுப்பார்கள், வெயிலில் பளிச்சிட்டு மீனை விரட்டக் கூடாது என்பதற்காக. அது எனக்கு அப்போது தெரியாது, அழுக்கு என்று நினைத்தேன். முகப்பில் கால்வாசி வெள்ளிக் கிண்ணம் மாதிரி ஆனபிறகுதான் சந்தேகம் வந்து நிறுத்தினேன். இன்றைக்கும் அது அரைச் சவரம் செய்த முகம் மாதிரிதான் இருக்கிறது.

இன்னொரு குறை எனக்கு முன்பே யாரோ செய்தது. ரீலை ராடில் (தூண்டில் கழியில்) பொருத்தும் பித்தளைப் பாதத்தின் இரண்டு நுனியையும் அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ராடில் இருக்கும் பள்ளத்துக்குள் நுழையாவிட்டால் அப்படிச் செய்வது வழக்கம். ஒரு நுனி நிதானமாக, சீராக. மறுநுனி கோணல்மாணலாக, ஆற்றங்கரையில் அவசரத்தில் செய்த மாதிரி. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பாதத்தில் அரம் பட்டிருந்தால் விலையை அடித்துக் குறைப்பார்கள். குறைத்துக்கொள்ளட்டும். இந்த ரீலில் எனக்குப் பிடித்த இடமே அந்தக் கோணல் நுனிதான்.

தூத்துக்குடி மைந்தன்

அண்ணே, பாலிஷ் கதை படிச்சு வயிறு எரிஞ்சது.

நான் இப்ப ஷார்ஜால இருக்கேன். போன வருஷம் ஒருத்தர்ட்ட சிவப்பு ஆபு அம்பாசடர் 5000 ரீல் வாங்குனேன், ஆபுங்கிறது ஸ்வீடன் கம்பெனி. தோல் பெட்டி, குட்டி எண்ணெய் டியூப், ஸ்பேனர் எல்லாம் இருந்துச்சு. "அறுபதுகள்ல வந்தது, எங்கப்பாவோடது"ன்னார். நானும் அப்பா சென்டிமென்ட்ல விழுந்துட்டேன்.

ரூமுக்கு வந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தா 760801. ஆபுல எழுபதுகள்ல இப்படி ஆறு நம்பர் அடிப்பாங்க: முதல் ரெண்டு வருஷம், அடுத்த ரெண்டு மாசம், கடைசி ரெண்டு எத்தனாவது வடிவம்னு. அதாவது 1976 ஆகஸ்ட். இடது தட்டு சிவப்பும் வலது தட்டு சிவப்பும் பகல் வெளிச்சத்துல ரெண்டு மாதிரி. ரெண்டு ரீலை உடைச்சு ஒண்ணாக்கிருக்காங்க. பெட்டி மட்டும் நெசமாவே பழசு!

ஆனா கோபம் ரெண்டு நாள்தான். அந்தக் கம்பெனி 1921-ல கடிகாரக் கம்பெனியாத்தான் ஆரம்பிச்சது, அப்புறம் டாக்ஸி மீட்டர். ரெண்டாம் உலக யுத்தம் வந்து டாக்ஸி மீட்டரை யாரும் வாங்காமப் போகவும் ரீல் பக்கம் திரும்பிட்டாங்க. 5000 வந்தது 1952-ல. கழட்டி மண்ணெண்ணெய்ல போட்டுக் கழுவிட்டு ஒரு சுத்து விட்டேன் பாருங்க, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு. ஊருக்கு வந்தா கடற்கரையில ஒருதடவை வீசிட்டுத்தான் அலமாரில வைப்பேன். உப்புத் தண்ணி ஆகாதுன்னு தெரியும், திட்டாதீங்க.

மில்காரர் மகள்

நான் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸ் பக்கம். மீன் பிடிக்கத் தெரியாது, புழுவைத் தொட மாட்டேன். ரீல் மட்டும் பதினொன்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் டிக்கியைத் திறந்துவைத்து பழைய சாமான் விற்பார்கள் இங்கே. அங்கே எட்டு பவுண்டுக்கு மிட்செல் 300 என்ற ரீல் ஒன்று கிடைத்தது. கறுப்பு உடம்பு, முட்டை மாதிரி, பிடி இடது பக்கம். ஃபிரான்சில் க்ளூஸ் என்ற ஊரில் செய்தது. அதுவும் கடிகார வேலைக்குப் பேர்போன ஊர்தான், தூத்துக்குடித் தம்பி கவனிக்க. நரம்பைச் சுற்றிவைக்கும் ஸ்பூலின் நடுவில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஸ்பூல் தனியாகக் கையோடு வந்துவிடுகிறது.

கோவையில் இருக்கும் அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். முப்பத்தி நாலு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர். நரம்பு உருவிப் போகும்போது ஸ்பூல் சுற்றாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இதுல என்ன கண்ணு அதிசயம்? கோன் வைண்டிங்ல நூல் சுத்தின காப்பு சும்மா நிக்கும், நூலு தலைப்பக்கமா உருவிட்டுப் போகும். அதேதான" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இந்த வகை ரீலுக்கு 1905-ல் பேட்டண்ட் வாங்கிய ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் பிராட்ஃபோர்டுக்காரர், கம்பளி மில் குடும்பம். நான் இருக்கும் இடத்திலிருந்து பக்கத்து ஊர். மில்லில் நூல் உருவுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று இங்கே சொல்வார்கள். அதுவரை பெரும்பாலான ரீல்களில் நரம்பு போகும் வேகத்துக்கு உருளையும் சுழல வேண்டும். லேசான இரையைத் தூரமாக வீச முடியாது, நரம்பும் சிக்கிக்கொள்ளும்.

அவருடைய இல்லிங்வொர்த் ரீல் ஒன்றை ஏலக் கண்காட்சியில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். அட்டையில் போட்டிருந்த விலையைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். போட்டோ அப்பாவுக்கு அனுப்பினேன். "கியர் பல்லுக்கு மூடி இல்லியே, நூல்தூசி அடைக்குமே" என்று பதில் வந்தது. ரீலில் ஏதப்பா நூல்தூசி?

குன்னூர்வாசி

அம்மணி, அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். என் பெர்ஃபெக்ட்டில் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறவைக்கலாமா? மிச்சமிருக்கும் முக்கால்வாசிப் பூச்சும் அதோடு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

மில்காரர் மகள்

கேட்டேன். "மொதல்ல அந்த பாலிஷ் டப்பாவைத் தூக்கிப் போடச் சொல்லு" என்கிறார். அப்புறம் மூழ்கடிக்க வேண்டாமாம். குச்சியில் பஞ்சு சுற்றி, மிஷின் எண்ணெய் தொட்டு, உள்பக்கம் மட்டும். இரண்டு நாள் பொறுத்துத் துடைக்க வேண்டுமாம்.