பூக்கட்டிப் பார்த்துச் சிவப்பு வந்தால் மறுபடி கேட்கலாமா?

வைகைக்கரையான்:
நேற்று இங்கே மேலூர்க்காரி அக்கா, "பூக்கட்டிப் பார்த்துச் சிவப்பு வந்தால் மனம் தளர வேண்டாம், மூன்று தடவை கேட்டு இரண்டு வெள்ளை வந்தால் போதும்" என்று எழுதியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சாமியிடம் உத்தரவு கேட்கிறோமா, சீட்டாடுகிறோமா? தோட்டத்தை விற்கலாமா என்று எங்கள் ஊர்க் கருப்பு கோயிலில் அப்பா கேட்டார். செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரே அளவு வாழை இலையில் மடித்து, நாரால் கட்டி, பூசாரி குலுக்கிப் படியில் போட்டார். சட்டை போடாத சின்னப் பயல் ஒருவன் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். நார் அவிழ்வதற்குள் அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சிவப்பு. விழுந்து கும்பிட்டுவிட்டு, வாங்கிய முன்பணத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு தடவைதான் கேட்டார்.

மேலூர்க்காரி:
தம்பி, மனசு குழம்பிப்போய்க் கேட்டிருந்தால் என்று முதல் வரியிலேயே எழுதினேன். அதை வசதியாக விட்டுவிட்டீர்கள். மகளுக்கு வரன் கேட்கப் போனபோது எடுத்த பிள்ளை இரண்டு பொட்டலத்தையும் சேர்த்து அள்ளிவிட்டது. பூசாரி சொல்லித்தான் மறுபடி போட்டோம். இன்றைக்கு அவள் இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். ஒரு தடவைக்கு மேல் பேசமாட்டேன் என்று சாமி உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறதா?

வைகைக்கரையான்:
இரண்டையும் அள்ளினால் அது கேட்டதாகவே ஆகாது. நான் கேட்பது வேறு. அதற்குப் பிறகு சிவப்பு வந்ததா, இல்லையா? வந்த பிறகு மறுபடி கேட்டீர்களா?

ஞானஒளிவுபுரத்தான்:
அண்ணே, வேதாகமத்தில் கிதியோன் ஆண்டவரிடம் இரண்டு தடவை அடையாளம் கேட்டார். களத்தில் போட்ட ஆட்டுத்தோல் மட்டும் நனைய வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும் என்றார். அப்படியே ஆனது, ஒரு கிண்ணம் தண்ணீர் பிழிந்தார். மறுநாள் தோல் காய்ந்து தரை நனைய வேண்டும் என்றார். கோபம் கொள்ளாதிரும் என்று கெஞ்சித்தான் கேட்டார். ஆண்டவர் கோபிக்கவில்லை, அதையும் செய்தார்.

வைகைக்கரையான்:
கிதியோனுக்கு முதல் தடவையே சரி என்றுதான் வந்தது. உறுதிக்காக இன்னொரு தடவை கேட்டார். வேண்டாம் என்று வந்ததை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. நம்ம மதுரையில், யார் ஏடு நெருப்பில் எரியாமல் இருக்கிறது என்று பார்க்கும் அனல்வாதத்துக்குச் சம்பந்தர் ஏட்டுக்கட்டை அவிழ்த்தபோது திருநள்ளாற்றுப் பதிகம் வந்தது என்கிறது பெரியபுராணம். வந்த ஏட்டையே நெருப்பில் இட்டார். வேறு ஏடு தேடினாரா?

கூடல்நகர்க் கணக்கன்:
முதலிலேயே வெள்ளை வந்தால் நிறுத்திவிடுவீர்கள், சிவப்பு வந்தால் மட்டும் இன்னும் இரண்டு தடவை கேட்பீர்கள் என்றால், எட்டில் ஐந்து பங்கு உங்கள் ஆசைப்படியே வரும். ஒரே தடவை என்றால் பாதிக்குப் பாதி. இதில் சாமி எங்கே இருக்கிறது?

வைகைக்கரையான்:
பார்த்தீர்களா அக்கா, சாமி இல்லை என்கிறவருக்கே நீங்கள் செய்வது தில்லுமுல்லு என்று தெரிகிறது.

மேலூர்க்காரி:
வார்த்தையை அளந்து பேசுங்கள். என் மகள் கல்யாணத்தைத் தில்லுமுல்லு என்பீர்களா?

உசிலம்பட்டிச் சீமை:
முதலில் சிவப்பு என்றால் ஏன் வேண்டாம் என்று அர்த்தம்? எங்கள் பக்கம் சிவப்புதான் குங்குமம், மங்கலம். வெள்ளைதான் ஆகாது.

வைகைக்கரையான்:
சிவன்மலை முருகன் கோயிலில், பக்தர் கனவில் சாமி சொன்ன பொருளை உத்தரவுப் பெட்டியில் வைக்கும் முன்பு பூக்கேட்பார்கள். வெள்ளை வந்தால்தான் வைப்பார்கள்.

உசிலம்பட்டிச் சீமை:
சிவன்மலை காங்கேயம் பக்கம். எங்கள் குலசாமிக்குக் காங்கேயத்தில் இருந்து சட்டம் வர வேண்டியதில்லை.

முல்லைத்திணை:
முல்லைப்பாட்டில் ஊர்ப்புறத்தில் நெல்லும் முல்லைப்பூவும் தூவி நற்சொல் கேட்கக் காத்திருக்கும் முதிய பெண்டிர் வருகிறார்கள். ஆயர்மகள் ஒருத்தி கன்றிடம், உன் தாயர் இப்போதே வந்துவிடுவார்கள் என்று சொல்வது காதில் விழுகிறது. அதை, போருக்குப் போன அரசனுக்காக ஏங்கும் அரசியிடம் திரும்பத் திரும்பச் சொல்லியும் அவள் அழுகை நிற்கவில்லை. நல்ல வாக்கு வந்த பிறகே மனசு ஆறவில்லை என்றால், வேண்டாம் என்று வந்தவள் மறுபடி கேட்கத் துடிப்பது பாவமா?

வைகைக்கரையான்:
அழலாம் ஐயா. மறுபடி பூவைக் குலுக்கக் கூடாது. அழகர் ஆற்றில் இறங்குவதற்குப் பட்டர் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கும் பட்டுத் துணியைத்தான் சாத்துவார்கள் என்பார்கள். பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்று அத்தனை சனமும் ஏங்கி நிற்கிறது. அதற்காக, வந்த பட்டை உள்ளே போட்டுவிட்டு மறுபடி கைவிடுவாரா?

உசிலம்பட்டிச் சீமை:
பட்டைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். இந்த வருடம் என்ன நிறம் என்று முன்னாடியே அடித்துச் சொல்லிவிட்டு, அது பொய்த்ததும் ஒரு மாதம் இந்தப் பக்கமே வராதவர் நீங்கள்.

வைகைக்கரையான்:
வீட்டில் காரியம் இருந்தது, வரவில்லை. பேச்சை மாற்ற வேண்டாம். அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. சிவப்பு வந்ததா, இல்லையா?

மேலூர்க்காரி:
சாமியிடம் கேட்டதற்குச் சாமியிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் அப்பா விற்காமல் வைத்த தோட்டம் இப்போது எப்படி இருக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

வைகைக்கரையான்:
கிணற்றில் தண்ணீர் இல்லை. ஆனால் தோட்டம் எங்கள் பெயரில்தான் இருக்கிறது. அதை ஏன் இழுக்கிறீர்கள்? சிவப்பு வந்ததா, இல்லையா?