கோட்டையூரிலிருந்து வேறு கேலக்ஸி ஏதாவது கண்ணுக்குத் தெரியுமா?

கோட்டையூர் டியூஷன் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலேயே எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். எங்களுடையது பங்காளிகள் ஆளுக்கோர் ஊரில் இருக்கிற பழைய வீடு. பாதி அறைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. வளவில், அதாவது வீட்டு நடுவே தூண்கள் சூழ்ந்த முற்றத்தில், சுற்றி உட்கார வைத்துத்தான் பாடம்.

போன வாரம் மாலையில் கரண்ட் போய்விட்டது. மழைக்காலம் முடிந்து வானம் வேறு துடைத்து வைத்திருந்தது. முற்றத்துக்கு மேலே தெரிந்த நட்சத்திரங்களைப் பார்த்ததும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "டீச்சர், இதில் எது நம்ம கேலக்ஸி, எது வேற கேலக்ஸி?" என்று ஒருத்தி. எல்லாமே பால்வீதிதான், அதாவது நட்சத்திரங்கள் கோடிக்கணக்கில் கூடியிருக்கும் நம் கேலக்ஸிதான் என்று சொன்னேன். "அப்ப புத்தகத்தில் இருக்கிற அந்தச் சுருள் எங்கே?" என்றாள். இன்னொரு பையன், பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்றால் எங்கள் வீட்டுக் கிணறும் பெரிதாகுமா என்று கேட்டுவிட்டு, நான் முறைப்பேனோ என்று பார்த்தான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் பதில் வரவில்லை. நான் படித்தது பி.எஸ்சி. கணிதம்.

புத்தகத்தில் இருக்கிற எண்களை ஒப்பிக்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. இந்த மாதமே மொட்டைமாடிக்கு அழைத்துப்போய்க் காட்டலாம் என்று நினைக்கிறேன். எங்கே தொடங்குவது? டெலஸ்கோப் வாங்கத்தான் வேண்டுமா? ஆறாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 525 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருக்கிறது.

தேவகோட்டை கண்ணாடிக்கடை:

டீச்சர், முதலில் அந்த 525 மடங்கை ஆன்லைன் கூடையிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், லென்ஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்: வானத்தைப் பார்க்க வேண்டியது பெரிதாக்குவது இல்லை, வெளிச்சம் சேர்ப்பது. இருட்டில் பிள்ளைகளின் கண்பாவை ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் விரியும். 50 மில்லிமீட்டர் முகப்பு லென்ஸ் உள்ள பைனாகுலர் அதைவிடச் சுமார் 50 மடங்கு வெளிச்சத்தை உள்ளே வாங்கும். 10x50 அல்லது 7x50 என்று எழுதியிருக்கும் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முகப்பு லென்ஸின் மில்லிமீட்டர்), அது போதும். உங்கள் தெருவிலேயே யார் வீட்டு அலமாரியிலாவது சிங்கப்பூரிலிருந்து வந்த ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இனி அந்தப் பெண் கேட்ட கேள்வி. நீங்கள் சொன்னது சரி. முற்றத்தில் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும் நட்சத்திரம் ஒவ்வொன்றும் நம் பால்வீதிக்குள்தான். அதிலும் அக்கம்பக்கத்து ஆட்கள்தான். பால்வீதியின் அகலம் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. வெறுங்கண்ணுக்குத் தெரிபவை பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் அடங்கிவிடும். ஒளியாண்டு என்றால் ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம், 9.46 லட்சம் கோடி கி.மீ. (இந்த எண்ணை மட்டும் ஒருமுறை கரும்பலகையில் பூஜ்யம் பூஜ்யமாக எழுதவிடுங்கள். மற்ற எண்களுக்கு அந்த மரியாதை வேண்டாம்.)

சுருள் எங்கே என்று கேட்டாளே, கெட்டிக்காரி. புத்தகத்தில் இருக்கும் பால்வீதிப் படம் ஓவியம். வெளியே போய் நின்று அதை யாரும் படம் எடுத்ததில்லை, எடுக்கவும் முடியாது, நாம் அதற்குள்ளே இருக்கிறோம். எல்லாப் புத்தகமும் அந்தப் படத்தின் கீழே "வரைந்தது" என்று ஒரு வார்த்தை போட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

உள்ளே இருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதற்கு உங்கள் வீடே போதும். வளவில் ஒரு மூலைத் தூணருகே நிற்கச் சொல்லுங்கள். தாழ்வாரத்தின் நீளவாக்கில் பார்த்தால் தூணுக்குப் பின்னால் தூண், அதற்குப் பின்னால் தூண் என்று நெருங்கித் தெரியும். அண்ணாந்து பார்த்தால் ஒரு தூணும் குறுக்கே வராது, வெறும் வெளி. பால்வீதி தட்டையான வட்டு. அந்த வட்டின் வாக்கில் பார்க்கும்போது நட்சத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி, பிரித்தறிய முடியாமல் வெண்புகைப் பட்டையாகத் தெரிகின்றன. வட்டுக்கு மேலோ கீழோ பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

நம் சூரியன் நடுவில் இல்லை, மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. மையம் இருப்பது தனுசு ராசிப் பக்கம். ஆனி, ஆடி மாத இரவில் தெற்கே நல்ல உயரத்தில் வரும், பட்டை அங்கேதான் தடிமனாக இருக்கும். இப்போது தை மாத மாலையில் ரிஷபம், ஓரியன் நட்சத்திரக் கூட்டங்கள் பக்கம் பார்க்கிறோமே, அது மையத்துக்கு எதிர்த்திசை. வட்டின் வெளிவிளிம்புப் பக்கம். பட்டை மங்கல். அதனால் "பால்வீதி எங்கே டீச்சர்" என்று இந்த மாதம் கேட்டால் ஆடி வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

சரி, வேறு கேலக்ஸி. தெரியும்! அதுவும் இந்த மாதமே. ஏழரை மணிவாக்கில் மேற்கே பாருங்கள். பூரட்டாதி, உத்திரட்டாதி நட்சத்திரங்கள் நாலும் சேர்ந்து ஒரு பெரிய சதுரம் போட்டிருக்கும். அதன் மேல் வலது மூலையிலிருந்து தொடர்ந்து மேலே போனால் வரிசையில் இரண்டாவதாக ஒரு பிரகாசமான நட்சத்திரம். அங்கே வலப்பக்கம் திரும்பி, இரண்டு சிறிய நட்சத்திரங்களைத் தாண்டினால் ஒரு மங்கலான திட்டு. அதுதான் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி, 25 லட்சம் ஒளியாண்டு. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே தெரியும். கோட்டையூரில் காரைக்குடி வெளிச்சம் இருப்பதால் பைனாகுலர் வேண்டியிருக்கும். அதற்குள்ளும் சுருள் தெரியும் என்று ஆசை காட்டாதீர்கள், திட்டுத்தான் தெரியும். இப்போது பிள்ளையின் கண்ணுக்குள் நுழையும் அந்த வெளிச்சம் கிளம்பியபோது நம் மனித இனமே பூமியில் இல்லை.

இன்னொன்று, இது டெல்லிக்காரர்களுக்குக் கிடைக்காதது. நாம் வட அட்சம் 10 பாகையில் இருக்கிறோம், தெற்கு வானம் நமக்கு நிறையத் திறந்திருக்கிறது. இரவு பத்து மணிவாக்கில் நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து கையை நீட்டிப் பிடித்த ஒரு முஷ்டி உயரத்தில் பெரிய மெகல்லன் மேகம் வரும். நம் பால்வீதியைச் சுற்றும் குட்டிக் கேலக்ஸி, சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டு தூரத்தில். 1987இல் அதில் ஒரு நட்சத்திரம் வெடித்தது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் தெற்கே விளக்கே இல்லாத கண்மாய்க் கரையாக வேண்டும், பனிமூட்டமும் இருக்கக் கூடாது. பிள்ளைகளோடு போவதாக இருந்தால் இதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் அகத்தியரைக் காட்டலாம், தெற்கே, வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸுக்குக் கீழே பளிச்சென்று இருக்கும். வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம், மொட்டைமாடியிலிருந்தே தெரியும்.

எம்.எஸ்சி. இயற்பியல், காரைக்குடி:

கிணற்றுக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், எங்கள் வகுப்பில்கூட யாரும் இப்படிக் கேட்டதில்லை.

பெரிதாகாது. கிணற்றுச் சுவரின் கல்லைப் பிடித்து வைத்திருப்பது அணுக்களுக்கு இடையிலான மின்விசை. பூமியையும் சூரியனையும் சேர்த்து வைத்திருப்பது ஈர்ப்பு. பால்வீதி முழுவதையும் கட்டி வைத்திருப்பதும் ஈர்ப்புதான். கட்டுண்டு கிடப்பவை விரிவதில்லை. கேலக்ஸிக் கூட்டங்களுக்கு இடையே இருக்கிற வெளிதான் விரிகிறது. வேகம் எவ்வளவு என்றால், சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு விநாடிக்கு ஏறத்தாழ 70 கி.மீ. தூரம் இரட்டிப்பானால் விலகும் வேகமும் இரட்டிப்பு.

அண்ணன் காட்டச் சொன்ன ஆண்ட்ரோமீடாவே இதற்கு நல்ல உதாரணம். அது விலகவில்லை, நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. 1912இல் ஸ்லிஃபர் என்ற வானியலாளர் அதன் நிறமாலையை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை) படம் எடுத்து, விநாடிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் நெருங்குகிறது என்று கண்டுபிடித்தார். அதில் பெரும்பகுதி சூரியன் பால்வீதியைச் சுற்றுவதால் வருவது. அதைக் கழித்தால் இரண்டு கேலக்ஸிகளும் விநாடிக்குச் சுமார் 110 கி.மீ. வேகத்தில் நெருங்குகின்றன. பக்கத்தில் இருப்பதால் ஈர்ப்பு ஜெயிக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஸ்லிஃபர் அளந்தபோது அது ஒரு தனிக் கேலக்ஸி என்பதே உறுதியாகவில்லை. பால்வீதிக்குள் இருக்கும் வாயுத் திட்டு என்று நினைத்தவர்கள் நிறைய. 1920இல் ஷாப்லி, கர்ட்டிஸ் என்ற இரண்டு வானியலாளர்கள் இதற்காகவே மேடையில் மோதினார்கள். முடித்து வைத்தது ஒரேயொரு நட்சத்திரம். சில நட்சத்திரங்கள் சீரான கால இடைவெளியில் மங்கி மங்கிப் பிரகாசிக்கும். இடைவெளி நீளமானால் அதன் உண்மையான பிரகாசமும் அதிகம் என்று வானியலாளர் ஹென்ரியட்டா லெவிட் 1912இல் காட்டியிருந்தார். அவர் எடுத்துக்கொண்ட நட்சத்திரங்கள் இருந்தது இன்னொரு குட்டிக் கேலக்ஸியான சின்ன மெகல்லன் மேகத்தில். 1923இல் வானியலாளர் ஹப்பிள் அதே வகை நட்சத்திரம் ஒன்றை ஆண்ட்ரோமீடாவில் பிடித்தார். துடிப்பின் கால அளவிலிருந்து உண்மையான பிரகாசம், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து தூரம். பால்வீதிக்கு வெகு வெளியே என்று வந்தது.

விரிவதற்கு நடுப்புள்ளி எது என்று அடுத்து கேட்பார்கள், தயாராக இருங்கள். நடு என்று ஒன்று கிடையாது. எந்தக் கேலக்ஸியில் நின்று பார்த்தாலும் மற்றவை விலகுவதாகத்தான் தெரியும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்று வருகிறது.

கண்டனூர் ஆச்சி:

பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்லச் சொல்ல.

தம்பிகள் இருவரும் நன்றாகச் சொன்னீர்கள். எனக்குத் தூரக் கணக்கெல்லாம் தெரியாது, நாள் கணக்குத் தெரியும். டீச்சர், உங்கள் வீட்டிலும் பிள்ளையார் நோன்புக்கு இழை (மாவில் நூல்திரி வைத்து ஏற்றி அப்படியே வாயில் போடுவது) எடுத்துக்கொள்வீர்களே? திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடுகிற நாள் என்று சொல்வோம். அது எப்படிக் கூடுகிறது என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். திருக்கார்த்திகையன்று சந்திரன் கார்த்திகையில் இருக்கும், பௌர்ணமியாகவும் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரம் நகர்கிறது. அசுவினியிலிருந்து எண்ணினால் கார்த்திகை மூன்றாவது, 21 கூட்டினால் இருபத்து நாலாவது. அதுதான் சதயம். திதிக்கும் அதே கணக்கு, பௌர்ணமியிலிருந்து 15 போனால் அமாவாசை, அப்புறம் ஆறு, சஷ்டி. சில வருஷம் அரை நாள், ஒரு நாள் முன்பின் இழுக்கும், அதற்குத்தான் பஞ்சாங்கம்.

தேவகோட்டை கண்ணாடிக்கடை:

ஆச்சி, நான் மூன்றையும் இருபத்தொன்றையும் இப்போதுதான் கூட்டிப் பார்க்கிறேன். இழை எடுத்து வாயில் போட்டதோடு சரி.

டீச்சர், இதை விட்டுவிடாதீர்கள். சந்திரன் வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற 27.3 நாள், அதனால்தான் 27 நட்சத்திரம். ஒரு நாளைக்கு 13 பாகை சொச்சம் கிழக்கே நகரும். பிள்ளைகள் அடுத்தடுத்து இரண்டு இரவு பார்த்தாலே பிடித்துவிடுவார்கள். "சந்திரன் கார்த்திகையில் இருக்கிறது" என்று சொன்னாலும் சந்திரன் நமக்கு 3.84 லட்சம் கி.மீ., ஒளிக்கு ஒன்றே கால் விநாடிச் சொச்சம். கார்த்திகைக் கூட்டமோ சுமார் 440 ஒளியாண்டு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற அன்று இதைச் சொன்னால்தான் வானத்துக்கு ஆழம் இருப்பது உறைக்கும்.

நிறத்தையும் அப்போதே காட்டிவிடுங்கள். திருவாதிரை சிவப்பு, மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,500 கெல்வின். ரோகிணி ஆரஞ்சு. ஓரியனின் மறு மூலையில் ரைஜல் நீலவெள்ளை, சுமார் 12,000. நம் சூரியன் 5,800. நீலம்தான் அதிகச் சூடு. சிவப்புத்தான் சூடு என்று எல்லாப் பிள்ளையும் சொல்லும், சொல்லட்டும், வெந்நீர்க் குழாயின் திருகில் சிவப்புச் சாயம் பூசி நாம்தானே அப்படிப் பழக்கினோம்.

கோட்டையூர் டியூஷன் டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஆச்சிக்கு விசேஷ நன்றி. எதிர்வீட்டு அலமாரியில் உண்மையிலேயே ஒரு 10x50 கிடைத்துவிட்டது, அதுவும் சிங்கப்பூர்தான். சனிக்கிழமை ஏற்பாடு. ஆனால் இரண்டு பிள்ளைகளின் வீட்டில் இரவு மொட்டைமாடி ஏற விடமாட்டார்கள், கைப்பிடிச் சுவர் தாழ்வு என்று. அவர்களுக்கு முற்றத்திலேயே செய்கிற மாதிரி ஏதாவது உண்டா?

தேவகோட்டை கண்ணாடிக்கடை:

உண்டு, டெலஸ்கோப்பைவிட நல்லது. தினமும் ஒரே தூணில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். கிழக்கே கூரை விளிம்புக்கு மேலே திருவாதிரை எத்தனை மணிக்கு எட்டிப் பார்க்கிறது என்று நோட்டில் குறிக்கட்டும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக வரும். ஒரு மாதத்தில் 2 மணி நேரம், ஒரு வருஷத்தில் பழையபடி அதே நேரம். பூமி சூரியனைச் சுற்றுவதால் வருகிற வித்தியாசம் இது. இடையில் மேகம் போட்ட நாளை வெற்றாக விடச் சொல்லுங்கள், ஊகித்து நிரப்பினால் மார்க் கிடையாது. மொட்டைமாடி ஏறினவர்களும் இதைச் செய்யட்டும்.

அப்புறம் சனிக்கிழமைக்கு: டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை வெளிச்சம் பட்டதும் கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் போய்விடும். பைனாகுலர் வாரைக் கழுத்தில் மாட்டின பிறகுதான் கையில் கொடுக்க வேண்டும். தைப் பனியில் லென்ஸ் மூடிக்கொள்ளும், சட்டை நுனியால் துடைக்க விடாதீர்கள், கோடு விழும். கடைப்பக்கம் வந்தால் துணி ஒன்று தருகிறேன், காசு வேண்டாம்.