‘பார்பி’க்கு 8 நாமினேஷன், இயக்குநருக்கு மட்டும் ஏன் இல்லை?

கேள்வி: 2024 ஆஸ்கரில் ‘பார்பி’ சிறந்த படப் பட்டியலில் இருக்கு. அதை இயக்கின கிரெட்டா கெர்விக் இயக்குநர் பட்டியலில் இல்லை. அது எப்படிங்க?

பதில் 1: நாமினேஷனில் படத்துக்கு 10 இடம், ஆஸ்கர் தர்ற அகாடமியோட உறுப்பினர்கள் எல்லாரும் ஓட்டுப் போடலாம். இயக்குநருக்கு 5தான், நாமினேஷனுக்கு அகாடமியில் இருக்கிற இயக்குநர்கள் பிரிவு மட்டுமே ஓட்டுப் போடும். சீட்டில் விருப்ப வரிசைப்படி பேர் எழுதுவாங்க. ஆறில் ஒரு பங்குக்கு மேல வாங்கணும். 500 சீட்டு வந்தா 84 வாங்கினவர் உள்ளே. பல சீட்டில் மூணாவது, நாலாவதா இருக்கிறவருக்கு அந்த ஓட்டு பெரும்பாலும் வந்தே சேராது.

பதில் 2: அந்தப் பிரிவுக்கு வேற்றுமொழிப் படங்கள் மேல தனிப் பிரியம். இயக்குநர் பட்டியலில் ‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ எடுத்த கிளேசர், ‘அனாடமி ஆஃப் எ ஃபால்’ எடுத்த ஜஸ்டின் ட்ரியே வந்ததும் அப்படித்தான். ட்ரியே சரியான தேர்வு. கெர்விக்குக்குத் தழுவல் திரைக்கதையில் (ஏற்கெனவே இருக்கிற ஒண்ணை வெச்சு எழுதினதுக்கான பிரிவு) இடம் கிடைச்சுதே!

கேட்டவர்: அசல் திரைக்கதைன்னு ஸ்டுடியோ பிரசாரம் பண்ணினதைத் தழுவலுக்கு மாத்தினதும் அகாடமிதான். பொம்மைக்கு ஏதுங்க மூலக்கதை?