தலையை விட்டு இறங்காத சத்தம்: உங்களுக்கு எது?

மொட்டைமாடி

யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், இங்கேதான் புரியும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய, அதிர்வை மின்சாரமாக்குகிற பீசோ தகடு ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியின் வெளிச்சுவரில் டேப் போட்டு ஒட்டினேன். ரெக்கார்டரை ஓடவிட்டு மோட்டார் போட்டேன். ஹெட்போனில் ஆழமாக ஒரு ரீங்காரம். தொட்டி நிறைய நிறைய அது கீழே இறங்கிக்கொண்டே போனது. ஒரு காதை விடுவித்து மூடிப் பக்கம் குனிந்தால் அங்கே நேர்மாறு, ஸ்வரம் மேலே ஏறுகிறது. உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறையக் குரல் உயரும், சுவர்மேல் தண்ணீரின் பாரம் கூடக் கூட அதிர்வு மந்தமாகும் என்பதெல்லாம் அப்புறம் யோசித்துப் புரிந்துகொண்டது. அந்த நேரத்தில் ஒரு காது மேலே, ஒரு காது கீழே. நடுவில் எங்கோ இரண்டும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு கடந்த மாதிரி இருந்தது. முதுகெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அப்போதுதான் கீழ்வீட்டு அக்கா துணி காயப்போட வந்தார். "என்ன தம்பி, தொட்டியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" அந்தக் குரலும் பதிவில் இருக்கிறது. வெட்ட மனசில்லை.

இதை வைத்து ஏதாவது செய்யலாம் என்று உட்கார்ந்தால், எந்த எஃபெக்ட் போட்டாலும் கெட்டுப்போகிறது. சரி, உங்களை விடாமல் பிடித்திருக்கும் சத்தம் எது?

கரகர

நோ-இன்புட் மிக்சர். மிக்சர் என்கிற ஒலிக்கலப்புப் பெட்டியின் வெளியீட்டை எடுத்து அதன் உள்ளீட்டிலேயே செருகுகிற வித்தை, இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த வித்தையில் பெயர் பெற்ற தொஷிமாரு நகமுராவைக் கேட்டுக் கெட்டுப்போனவன் நான். அவர் மாதிரி நிதானமெல்லாம் நமக்கு வராது.

என்னிடம் இருப்பது யாரோ கல்யாண ஆர்கெஸ்ட்ராவுக்கு வைத்திருந்து தள்ளிவிட்ட பழைய மிக்சர். ஒரு ராத்திரி ஆக்ஸ் என்கிற துணை வெளியீட்டு வழியாகச் சுற்றிவிட்டு, நடுத்தர ஓசைகளுக்கான மிட் நாப்பை மயிரிழை நகர்த்தினேன். ஊசி மாதிரி இருந்த ஓசை சட்டென்று உடைந்து தாளமாகிவிட்டது. ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை, எண்ணவே முடியவில்லை. கையை எடுத்தேன், போய்விட்டது. நாப்பைத் திருப்பவில்லை, விரலை மேலே வைத்தேன், அவ்வளவுதான், திரும்ப வந்தது. விரலின் கனத்துக்கே அது நிற்கிறது! மரத்துப்போகும் வரை விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பதிவு இருக்கிறது, போட்டால் அதே சத்தம்தான். தங்கை கேட்டுவிட்டு "மிக்ஸி ரிப்பேரா?" என்றாள். எனக்கும் அதைக் கேட்கும்போது ஒன்றும் ஆவதில்லை. அதுதான் உறுத்துகிறது.

குழாய்க்காரர் மகன்

கரகர, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்கிற இந்த ஊளையைத் தவிர்க்கத்தான் எங்கள் அப்பா ஆயுள் முழுக்க மைக்கை இங்கே நகர்த்தி, குழாய் ஸ்பீக்கரை அங்கே திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். கத்தினால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அதை வேண்டுமென்றே செய்து கலை என்கிறீர்கள். கேட்பவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் அது உங்களுக்கும் மிக்சருக்கும் உள்ள சொந்தச் சமாச்சாரம், சங்கீதம் இல்லை.

என் கதை வேறு. திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடை விழா. எங்கள் தெருக் கோயிலிலும் வயலுக்கு அந்தப் பக்கத்துக் கோயிலிலும் விடியக்காலையில் ஒரே நாதஸ்வரக் கேசட். இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் டெக் கொஞ்சம் மெதுவாக ஓடுகிற டெக். வயல் வரப்பில் நடுவாந்திரமாக நின்றால் முதலில் ஒரே நாயனம், கொஞ்சம் தடித்த மாதிரி. அப்புறம் ஒவ்வொரு பிருகாவுக்கும் வால் முளைத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒருவர் கேட்க இன்னொருவர் பதில் சொல்வது போல இரண்டாகப் பிரிந்துவிட்டது. தவில் மட்டும் எங்கே விழுகிறது என்றே தெரியாமல் நாலாபக்கமும் தெறித்தது. அப்பா சாப்பாட்டுத் தூக்கோடு என்னை அனுப்பியிருந்தார், நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன்.

பல வருஷம் கழித்துத்தான் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1965-ல் ஒரே பேச்சுத் துண்டை இரண்டு டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டு, விலகிப் போவதைக் கேட்டுத்தான் தன் வழியைக் கண்டுபிடித்தார் என்று படித்தேன். எங்கள் ஊரில் அதற்குக் கமிட்டிச் சண்டை போதுமானதாக இருந்தது.

குளிர்தேசம்

டொராண்டோவில் வீடு மாறுகிற சமயம், சாமான் எல்லாம் போய்விட்ட காலி அறை. இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969-ல் செய்ததையே செய்து பார்த்தேன். பேசிப் பதிந்து, அதை அறைக்குள் ஒலிக்கவிட்டுத் திரும்பப் பதிந்து, அதையும் ஒலிக்கவிட்டு, இப்படியே. அறைக்குப் பிடித்த சுருதிகள் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கொழுத்துக்கொண்டே வரும், மற்றதெல்லாம் கரையும். அவர் ஆங்கிலத்தில் பேசினார், நான் அம்மம்மா சொல்லித் தந்த தேவாரம் ஒன்றைப் பாடாமல் வாசித்தேன். முதலில் மெய்யெழுத்துகள் போயின. "ழ" எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. சொற்கள் எல்லாம் போன பிறகும் நான் மூச்சு வாங்கிய இடைவெளிகள் மட்டும் அப்படியே நின்றன. அம்மா போனில் கேட்டுவிட்டு, என்ன பதிகம் என்று சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டால், "நீ நிப்பாட்டுற இடம் தெரியாதே எனக்கு?" என்றார்.

குழாய்க்காரர் மகன், இதுவும் உங்கள் அப்பா விரட்டிய அதே ஊளைதான். மெதுவாக வருகிறது, அவ்வளவுதான்.

ஈயப்பற்று

எனக்குப் பெரிய கதை இல்லை. ஒரு கம்பி வேலியில் பீசோ மாட்டிக் காற்றைக் கேட்டேன், நன்றாக இருந்தது.

மொட்டைமாடி, நீங்கள் அதை எதில் செருகினீர்கள்? சாதாரண லைன் உள்ளீடு என்றால் நீங்கள் கேட்டது பாதிதான். பீசோ என்பது மின்தேக்கி மாதிரி. சாதாரணத் தகடு ஏறக்குறைய 20 நானோஃபாரட் வரும். லைன் உள்ளீட்டின் மின்மறுப்பு 10 கிலோ ஓம் என்று வைத்தால் கணக்குப்படி 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். பீசோ என்றாலே தகரச் சத்தம் என்று திட்டுகிறார்களே, காரணம் இதுதான். அதையே 1 மெகா ஓம் உள்ளீட்டில் கொடுத்தால் 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கிடார் செருகுகிற உள்ளீடு இருந்தால் போதும், இல்லையென்றால் ஒரு ஃபெட் டிரான்சிஸ்டர் வைத்து பஃபர் என்கிற இடைச்சுற்று கட்டிக்கொள்ளுங்கள், ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும். பற்றவைக்கும்போது வெள்ளைப் பீங்கான் பக்கத்தில் சால்டரிங் இரும்பை ரொம்ப நேரம் வைக்காதீர்கள், வெள்ளிப் பூச்சு உரிந்து வந்துவிடும். டேப்பும் வேண்டாம். மெத்தென்ற டேப் மேல்ஓசையைத் தின்றுவிடும். தேன்மெழுகு அல்லது ஒரு இடுக்கி.

கரகர, ஹெட்போன் போட்டுக்கொண்டு நோ-இன்புட் செய்பவர் என்றால் இன்றே நிறுத்துங்கள். நாப்பில் மயிரிழை என்கிறீர்கள், அதே மயிரிழையில் சத்தம் காதைக் கிழிக்கிற அளவுக்கும் போகும். கடைசியில், சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கிற ஒரு லிமிட்டர் கட்டாயம். காதுக்கே எட்டாத உயரத்தில் அது கத்திக்கொண்டிருந்தால் உச்ச ஓசைக்கான சின்ன ஸ்பீக்கர், அதுதான் ட்வீட்டர், சத்தம் போடாமல் கருகிவிடும். நான் பார்த்திருக்கிறேன். தரமான லிமிட்டர் எது என்று கேட்டால் தனியாக எழுதுகிறேன்.

மொட்டைமாடி

கிடார் உள்ளீட்டில்தான் செருகினேன் அண்ணா. டேப் விஷயம் சரி.

ரீல்

இரண்டு நாளாக இந்த இழையைப் படிக்கிறேன், ஒருத்தர்கூட சரண்ஜித் சிங் பெயரை எடுக்கவில்லை. 1982, பம்பாய். சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்துக்கொண்டிருந்தவர், ரோலண்டின் 303 பேஸ் பெட்டி, 808 தாளப் பெட்டி, ஜூபிடர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டார். அப்போது சீண்டுவாரில்லை. 2010-ல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகமே வாயைப் பிளந்தது.

அதைக் காரில் போட்டுவிட்டேன், பக்கத்தில் அப்பா. டிசம்பர் சீசனில் கேண்டீனையும் விடாத ரசிகர். முதல் பாட்டு பைரவி. "பைரவியா? தோடி மாதிரின்னா இருக்கு" என்றார். அந்தப் பக்கத்து இந்துஸ்தானிப் பைரவி நம்ம தோடியின் ஸ்வரங்கள்தானே, பிடித்துவிட்டார். 303 ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும்போது அவர் கை தானாக எழுந்தது. சபையில் நல்ல பிடிக்குத் தூக்குவாரே, அதே கை. சிக்னல் விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை நான்.

303 வழுக்கலையே அடையாளமாகக் கொண்ட சிகாகோ நடன இசையான ஆசிட் ஹவுஸுக்கு சரண்ஜித் சிங்தான் தாத்தா என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். அபத்தம். அந்த வகையைத் தொடங்கிவைத்த ஃப்யூச்சர் குழுவின் இசைத்தட்டு வந்தது 1987-ல், அவர்கள் இதைக் கேட்டதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. ஒரே பெட்டி இரண்டு ஊரில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி வழுக்கியது, அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய அதிசயம்.

இதெல்லாம் மேலை நாட்டுச் சரக்கு என்று யாராவது கிளம்புவதற்கு முன் இன்னொன்று. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே மூக் சிந்தசைசர் இருந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து நிறுவிக் கொடுத்தது. கீதா சாராபாய் அதில் வேலை செய்திருக்கிறார். 1946-ல் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு நம் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த டேப்புகள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்து, 2023-ல்தான் இசைத்தட்டாக வந்தன.

கரகர

நான் மேலை நாடு என்று சொல்லவே இல்லையே. ஜப்பான்காரர் பெயரைத்தான் சொன்னேன்.

குழாய்க்காரர் மகன்: நீங்கள் வரப்பில் நின்றதும் உங்களுக்கும் வயலுக்கும் உள்ள சொந்தச் சமாச்சாரம்தான். பத்தடி தள்ளி நின்றவனுக்கு அது கிடைத்திருக்காது.

குழாய்க்காரர் மகன்

பத்தடி தள்ளி நின்றவனுக்கு வேறொன்று கிடைத்திருக்கும். உங்கள் விரலுக்குப் பத்தடி தள்ளி நின்றவனுக்கு மிக்ஸிதான்.

சுருதிப்பெட்டி

சண்டையை நிறுத்துங்கள், நான் எழுத வேண்டும்.

பாட்டு வகுப்பில் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி இரண்டு. ஒன்று டீச்சருடையது, ஒன்று என்னுடையது. அன்றைக்கு இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. என்னுடையது ஒரு துளி கூடுதல். ஒன்று 220 ஹெர்ட்ஸ், இன்னொன்று 221 என்றால் நொடிக்கு ஒரு முறை ஓசை பெருத்துச் சிறுக்கும், தெரிந்த விஷயம்தான். சேர்த்துவிடலாம் என்று சின்ன நாப்பைத் திருப்பினேன். அலை நீண்டுகொண்டே போனது. மூச்சு இழுக்கிற நேரம், அப்புறம் அதையும் விட நீளமாக. சேருவதற்குச் சற்று முன் பஞ்சமம் தனியாக மேலே எழும்பி அறையின் மூலையில் போய் நின்றது, யாரும் வாசிக்கவே இல்லை.

டீச்சர் ரொம்பக் கண்டிப்பு. சுருதி விலகினால் தொடையில் தட்டுவார். திட்டப்போகிறார் என்று கையை எடுத்தேன். அவர் கண்ணைத் திறக்காமலேயே, "ஏன் நிறுத்தின? சேர்த்துடாத. கொஞ்சம் பின்னால திருப்பு" என்றார். திருப்பினேன். "இன்னும் கொஞ்சம். ம், அங்கயே விடு."

வர்ணம் பாடவே இல்லை. மணி ஏழாகி அடுத்த பெண் வாசலில் செருப்பைக் கழற்றுகிற வரை அப்படியே போனது. ஃபீஸ் மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.